அம்பாசிடர் தரைத்தகட்டில் துரு: சுரண்டுவது முதல் பெயிண்ட் காயும் வரை

பழைய வண்டி வாங்கப் போகும்போது எஞ்சின் சத்தத்தைக் கேட்கிறோம், கதவைச் சாத்திப் பார்க்கிறோம், பெயிண்டைத் தடவிப் பார்க்கிறோம். உள்ளே விரித்திருக்கும் மேட்டைத் தூக்கித் தரையைப் பார்ப்பவர்கள் குறைவு. எஞ்சின் போனால் வேறு எஞ்சின் தேடிக்கொள்ளலாம், சீட் கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம், ஆனால் தரை போய்விட்டால் வண்டியைத் தாங்க எதுவும் இல்லை. அம்பாசிடருக்கும் பத்மினி காருக்கும் லாரி மாதிரி தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தரை, கதவுகளுக்குக் கீழே பக்கவாட்டில் ஓடும் பெட்டி போன்ற 'சில்', குறுக்கே போகும் சட்டமான மெம்பர் எல்லாம் ஒன்றாக வெல்டாகி நிற்பதுதான் அதன் சேஸிஸ். வண்டலூர் பக்கம் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு மட்டும் கீழே தனி சேஸிஸ் உண்டு, அதனால் அதன் தரை கொஞ்சம் கெட்டாலும் ஆபத்து குறைவு.

நான் அம்பாசிடரை வைத்தே சொல்கிறேன். 2014இல் உற்பத்தி நின்றுபோன வண்டி, இன்னும் நம் ஊர்களில் நிறையப் பேர் வீட்டு வாசலில் நிற்கிறது. வேலை முறை பத்மினிக்கும் ஜீப்புக்கும் இதேதான்.

முதலில் காலம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, அந்த மாதங்களில் இதைத் தொடாதீர்கள். சுத்தம் செய்த இரும்பு ஈரக் காற்றில் சில மணி நேரத்திலேயே மஞ்சள் பூத்துவிடும், கடலோர ஊர் என்றால் இன்னும் சீக்கிரம். பிப்ரவரிக்கு மேல் ஆரம்பித்தால் வெயிலும் கிடைக்கும், அவசரமும் இருக்காது. வண்டியை நிறுத்தக் கூரையும் சிமென்ட் தரையும் வேண்டும். மண் தரையில் ஜாக்கி போட்டு அடியில் படுக்கவே கூடாது.

உள்ளே இருப்பதை எல்லாம் கழற்றுங்கள்

பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு ஆரம்பியுங்கள். முன் சீட், பின் சீட் குஷன், மேட், அதற்கு அடியில் இருக்கும் சணல் ஃபெல்ட், சில் மேல் இருக்கும் அலுமினியப் பட்டை, எல்லாம் வெளியே வரட்டும். அந்தச் சணல் ஃபெல்டைக் கையில் எடுத்துப் பிழிந்து பாருங்கள். மேலே மேட் காய்ந்து கிடக்கும், உள்ளே போன மழைக்காலத் தண்ணீர் இன்னும் இருக்கும். தரை கெடுவதற்குப் பாதிக் காரணம் இந்த ஃபெல்ட்தான், அதைத் திரும்பப் போடவே வேண்டாம்.

தரையின் மேல் கறுப்பாகத் தார் மாதிரி ஒரு படலம் ஒட்டியிருக்கும். சத்தம் குறைய ஒட்டியது. அது நன்றாக ஒட்டியிருப்பது போலத் தெரிந்தாலும் ஓரத்தில் தூக்கிப் பாருங்கள், அடியில் தண்ணீர் புகுந்திருந்தால் துரு அதன் கீழேயே பரவியிருக்கும். ஹீட் கன்னால் லேசாகச் சூடுகாட்டி, பட்டி இழுக்கும் தகட்டால் தள்ளினால் பாளம் பாளமாக வரும். கேஸ் டார்ச்சை இதற்குப் பயன்படுத்தாதீர்கள், தார் பற்றிக்கொள்ளும், பக்கத்தில் ஒயரிங் ஓடுகிறது.

தட்டிப் பாருங்கள்

இப்போது ஒரு சின்னச் சுத்தியலும் பழைய ஸ்க்ரூ டிரைவரும் எடுத்துக்கொண்டு தரை முழுக்கத் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல தகடு 'டங்' என்று கணீரென்று பேசும். கெட்ட இடம் 'டொக்' என்று அமுங்கிப் பேசும், சில இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையே உள்ளே போய்விடும். போனால் போகட்டும், அது ஏற்கெனவே ஓட்டைதான். இருட்டிய பிறகு ஒரு ஆளை உள்ளே உட்கார வைத்து, வண்டிக்கு அடியில் ஒரு நல்ல டார்ச்சை அடித்துக் காட்டுங்கள். பகலில் கண்ணுக்கே தெரியாத ஊசித் துளைகள் எல்லாம் புள்ளி புள்ளியாக மின்னும். ஒவ்வொன்றையும் சாக்பீஸால் வட்டம் போட்டு வையுங்கள்.

துருவை மூன்று வகையாகப் பிரித்துக்கொண்டால் அடுத்த வேலை எளிது. தேய்த்தால் போகிற மேல்துரு ஒன்று. பொருக்குப் பொருக்காக உரிந்து, அடியில் குழி குழியாக இருந்தும் தகடு இன்னும் கெட்டியாக இருப்பது இன்னொன்று. ஓட்டை, அல்லது அழுத்தினால் வளைகிற அளவுக்கு மெலிந்த தகடு மூன்றாவது. முதல் இரண்டும் நீங்களே வீட்டில் செய்யக்கூடியவை. மூன்றாவதுக்கு வெல்டிங் தெரிந்த டிங்கர் (வண்டித் தகட்டு வேலை செய்பவர்) வேண்டும், அங்கே பெயிண்டும் கெமிக்கலும் வேலைக்கு ஆகாது.

இதில் அம்பாசிடருக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது. அதன் முன் சஸ்பென்ஷனுக்குக் காயில் ஸ்பிரிங் கிடையாது, டார்ஷன் பார் என்ற நீளமான கம்பிகள் முன்னால் இருந்து பின்னோக்கி வந்து, முன் சீட்டுக்குக் கீழே உள்ள கிராஸ் மெம்பரில் பிடிமானம் ஆகின்றன. வண்டியின் முன்பக்க எடை முழுவதும் முறுக்காக அந்த இடத்தில்தான் நிற்கிறது. அந்த மெம்பரைச் சுற்றியுள்ள தகட்டிலோ, பின்னால் லீஃப் ஸ்பிரிங்கின் முன் முனை பிடித்திருக்கும் இடத்திலோ, சீட் பெல்ட் போல்ட் இறங்கும் இடத்திலோ மூன்றாவது வகைத் துரு இருந்தால் இந்தக் கட்டுரையை அதோடு நிறுத்திவிட்டு அனுபவமுள்ள டிங்கரிடம் வண்டியைக் காட்டுங்கள். முறுக்கில் இருக்கும் பாரை விவரம் தெரியாமல் தளர்த்தினால் கை கால் போகும். கால் வைக்கும் இடத்துத் துருவும் இந்த இடத்துத் துருவும் ஒரே நிறம்தான், ஆனால் ஒன்று வெறும் தகடு, மற்றது உயிர் சம்பந்தப்பட்டது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

இதைக் கண்டுபிடிக்காமல் பெயிண்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். தரை அடியில் இருந்து கெடுவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள், ஆனால் நான் பார்த்த வண்டிகளில் பெரும்பாலும் உள்ளே இருந்துதான் கெட்டிருக்கிறது. கண்ணாடி ரப்பர் காய்ந்து வெடித்திருக்கும், அல்லது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒயரிங் நுழையும் ஓட்டையில் ரப்பர் வளையம் (குரோமெட்) இருக்காது, அல்லது கதவின் அடியில் தண்ணீர் வெளியேறும் துளை மண் அடைத்துக்கொண்டு கதவுக்குள் தண்ணீர் தேங்கி உள்பக்கமாக வழியும்.

சோதனை சுலபம். ஒருவர் உள்ளே டார்ச்சோடு உட்காரட்டும், இன்னொருவர் ஹோஸ் பைப்பை வைத்து முதலில் கதவின் அடிப்பாகத்தில் மட்டும், கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில், அப்புறம் பக்கவாட்டில், கடைசியில் மேல் ஓரத்தில் என்று கீழிருந்து மேலே ஏறட்டும். மேலிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்திலும் வழிந்துவிடும், எங்கே புகுந்தது என்று சொல்லவே முடியாது. ரப்பரை மாற்ற வேண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள்.

டிரைவர் காலடியில் மட்டும் பெயிண்ட் சுருண்டு உரிந்திருந்தால் தண்ணீரை மட்டும் சந்தேகப்படாதீர்கள். பழைய மாடல்களில் பிரேக் மாஸ்டர் சிலிண்டர் அந்தத் தரைக்குக் கீழேயே இருக்கிறது, மேலே இருக்கும் மூடியைத் திறந்துதான் பிரேக் ஆயில் ஊற்றுவார்கள். சிந்தும் பிரேக் ஆயில் பெயிண்டை அரித்துவிடும். சிலிண்டர் கசிகிறதா என்று பார்த்துவிட்டு, அந்த இடத்தைச் சோப்புத் தண்ணீரால் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள்.

சுரண்டல்

வண்டியைத் தூக்கி ஜாக் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஸ்டாண்டைத் துருப்பிடித்த சில்லுக்கு அடியில் வைக்காமல் பின் ஆக்ஸில் குழாயிலும் முன்பக்கம் கெட்டியான மெம்பரிலும் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பியோ, செங்கல், ஹாலோ பிளாக் அடுக்கியோ அடியில் போகாதீர்கள். பிளாக் முன்னறிவிப்பு இல்லாமல் நொறுங்கும்.

அடிப்பக்கம் முதலில் சேறும் கிரீஸும் போக வேண்டும். டீகிரீஸர் அல்லது மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, சோப்புத் தண்ணீரால் கழுவி, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். எண்ணெய் இருக்கும்போதே கம்பி பிரஷ் ஓட்டினால் அந்த எண்ணெயைத் தகட்டின் குழிகளுக்குள் நாமே தேய்த்து ஏற்றிவிடுவோம், பின்னால் எந்தப் பிரைமரும் அங்கே பிடிக்காது.

பொருக்குத் துருவை மெஷினால் எடுக்க முயற்சி செய்வதை விட மழுங்கிய உளியை வைத்து லேசாகத் தட்டினால் பாளமாக உதிரும். அதன் பிறகு ஆங்கிள் கிரைண்டரில் முறுக்குக் கம்பி கப் பிரஷ். தட்டையான இடங்களுக்கு எமரித் துண்டுகள் அடுக்கிய ஃப்ளாப் டிஸ்க், ஆனால் தரைத்தகடு ஏற்கெனவே மெல்லியது, ஒரே இடத்தில் அழுத்தி நின்றால் நல்ல தகட்டையே தின்றுவிடும். மூலைகளுக்கும் மடிப்புகளுக்கும் கையால்தான் வேலை: கம்பி பிரஷ், 80 நம்பர் எமரித் தாள், பொறுமை. கப் பிரஷ் ஓட்டிய துரு சில சமயம் பழுப்பாகப் பளபளவென்று மின்னும், அதைச் சுத்தமான இரும்பு என்று நினைத்துவிடாதீர்கள். துருவுக்கே பாலிஷ் ஏறியிருக்கிறது. எமரி போட்டுத் தேய்த்து வெள்ளி நிறத்தில் தகடு தெரிகிறதா என்று பாருங்கள்.

கண்ணாடி, முழு முகத்துக்கு ஷீல்டு, கையுறை, நல்ல டஸ்ட் மாஸ்க் இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். கப் பிரஷின் கம்பிகள் ஊசி மாதிரி பறந்து வரும், பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம். குழந்தைகள் விளையாடும் இடத்தில் இந்தத் தூளைப் பறக்கவிடாதீர்கள், தரையில் விழுந்ததை ஈரத்துணியால் கூட்டி எடுங்கள்.

குழிக்குள் இருக்கும் துரு

எவ்வளவு தேய்த்தாலும் குழிகளின் அடியில் கறுப்பாகப் புள்ளிகள் மிஞ்சும். இதற்குத்தான் கெமிக்கல். கடையில் கிடைப்பது இரண்டு வகை, இரண்டையும் 'ரஸ்ட் கன்வெர்ட்டர்' என்றே விற்கிறார்கள், அதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள்.

ஒன்று பாஸ்பாரிக் அமிலம். துருவைக் கரைத்து, மிச்சத்தை இரும்பு பாஸ்பேட்டாக மாற்றும். பிரஷால் தடவி, காய்ந்துவிடாமல் ஈரமாகவே வைத்திருந்து, லேபிளில் சொன்ன நேரம் கழித்துத் தேய்த்துக் கழுவ வேண்டும். இன்னொன்று டானிக் அமிலம் கலந்தது. துருவோடு சேர்ந்து நீலங்கறுப்பாக மாறி, அப்படியே ஒரு படலமாகத் தங்கிவிடும், இதைக் கழுவக் கூடாது.

அமிலத்தின் மிச்சம் ஒட்டியிருக்கும் தகட்டின் மேல் எபாக்ஸி பிரைமர் சரியாகப் பிடிக்காது. ஆகவே எபாக்ஸி அடிக்கப் போகிறீர்கள் என்றால் பாஸ்பாரிக் அமிலத்தைப் போட்டு வேலை முடிந்ததும் நன்றாகக் கழுவி, ஹீட் கன்னால் உடனே காயவைத்து, எமரி போட்டு ஒருமுறை தேய்த்துவிட்டுப் பிரைமர் அடியுங்கள். டானிக் வகையைப் போட்டால் அதன் மேல் எந்தப் பிரைமர் ஒத்துக்கொள்ளும் என்று அதே டப்பாவில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள். இரண்டையும் கலந்து, "எதற்கும் இருக்கட்டும்" என்று ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசுவதுதான் ஆறு மாதத்தில் பெயிண்ட் தாள் மாதிரி உரிந்து வருவதற்குக் காரணம். சுத்தமான இரும்பில் கன்வெர்ட்டர் தடவுவதால் பயன் இல்லை, மாற்றுவதற்கு அங்கே துருவே கிடையாது.

ஓட்டை இருந்தால்

ஃபைபர் கிளாஸ் ஒட்டுவது, ஓட்டையை அடைத்துப் பட்டி பூசுவது, தகரத்தை ரிவிட் அடித்துத் தார் பூசுவது, இவை எல்லாம் விற்பதற்குத் தயார் செய்யும் வண்டிக்குச் செய்கிற வேலை. நீங்கள் வைத்துக்கொள்ளப் போகும் வண்டியில் வேண்டாம்.

கெட்ட பகுதியைச் சுற்றி நல்ல கெட்டியான தகடு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு, 18 அல்லது 20 கேஜ் சி.ஆர். (கோல்டு ரோல்டு) இரும்பு ஷீட்டில் அதே வடிவத்தில் துண்டு வெட்டிப் பொருத்தச் சொல்லுங்கள். 18 கேஜ் ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டர், 20 கேஜ் 0.9. துத்தநாகம் பூசிய ஜி.ஐ. ஷீட் கையில் இருக்கிறது என்று டிங்கர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள், வெல்டு செய்யும்போது துத்தநாகப் புகை வரும், சுவாசித்தவருக்குக் காய்ச்சல் கண்டுவிடும், வெல்டும் சுத்தமாக விழாது. கார்பன் டை ஆக்சைடு வாயுவைப் பாய்ச்சிச் செய்யும் சி.ஓ.2 வெல்டிங் உள்ள பட்டறையாகப் பாருங்கள். கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு சூட்டில் நெளியும், சாதாரண ஆர்க் வெல்டிங் பொத்துக்கொண்டு போய்விடும். சி.ஓ.2விலும் ஒரே கோடாக இழுக்காமல், இங்கே ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் ஒரு புள்ளி என்று ஆறவிட்டு ஆறவிட்டு வைக்க வேண்டும்.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியோடு ஆல்டர்னேட்டர் ஒயரும் கழன்றிருக்க வேண்டும். தரைக்கு அடியில் பெட்ரோல் பைப்பும் பிரேக் பைப்பும் ஓடுகின்றன, அந்தப் பகுதியில் வேலை என்றால் பெட்ரோல் பைப்பைக் கழற்றி அப்புறப்படுத்தாமல் யாரையும் வெல்டிங் ராடைத் தொடவிடாதீர்கள். பின்பக்கம் என்றால் டேங்கையே இறக்குங்கள். தகட்டின் மறுபக்கம் ஒரு ஆள், கையில் தீயணைப்பான். மிச்சம் இருக்கும் தார் படலம் உள்ளுக்குள் புகைந்துகொண்டே இருந்து அரை மணி நேரம் கழித்துக்கூடப் பற்றும், அதனால் வேலை முடிந்த உடனே பட்டறையைப் பூட்டிவிட்டுப் போகக் கூடாது.

பிரைமர்

ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண ரெட் ஆக்சைடு கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் போதும். வண்டியின் அடிவயிற்றுக்குப் போதாது, ஈரம் மெல்ல மெல்ல அதற்குள் இறங்கிவிடும். இரண்டு டப்பாவாக வரும் எபாக்ஸி பிரைமரே வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் மொத்த வேலையில் காசைக் குறைக்கக் கூடாத இடம் இது ஒன்றுதான் என்று சொல்வேன்.

தகட்டைத் தின்னரில் நனைத்த சுத்தமான வெள்ளைத் துணியால் துடையுங்கள், இன்னொரு காய்ந்த துணியால் உடனே ஒற்றி எடுங்கள், துணியில் அழுக்கு வராத வரைக்கும். அதற்குப் பிறகு வெறும் கையால் தொடாதீர்கள், வியர்வையில் உப்பு இருக்கிறது. பிரைமரையும் ஹார்டனரையும் கண்ணளவில் கலக்காமல் அளவுக் கப்பில் டப்பாவில் சொன்ன விகிதத்தில் கலக்குங்கள். சில பிராண்டுகளில் கலந்த பிறகு கால் மணி, அரை மணி நேரம் அப்படியே வைத்திருந்துதான் அடிக்க வேண்டும், அதையும் படித்துக்கொள்ளுங்கள். நம் வெயிலில் கலவை சீக்கிரம் இறுகும், ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் சிக்கனம்.

முதலில் மூலைகள், வெல்டு போட்ட இடங்கள், தகட்டு விளிம்புகள், போல்ட் தலைகள் இவற்றுக்கு மட்டும் சின்ன பிரஷால் தேய்த்துத் தேய்த்து ஒரு கை அடியுங்கள். கூர்மையான விளிம்பில் பெயிண்ட் தானாகவே மெலிந்துவிடும், துரு திரும்ப வருவதும் அங்கேதான். பிறகு முழுத் தரைக்கும் இரண்டு கோட். முதல் தடவை செய்பவர்களுக்கு ஸ்ப்ரேயை விட பிரஷ்தான் நல்லது, குழிகளுக்குள் தேய்த்து ஏற்ற முடியும், புகையும் இல்லை. இரண்டு கோட்டுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று டப்பாவில் போட்டிருக்கும். அந்த நேரம் தாண்டிவிட்டால் அப்படியே அடிக்காமல், எமரி போட்டு லேசாக மங்கவைத்துவிட்டு அடியுங்கள், இல்லாவிட்டால் இரண்டாவது கோட் ஒட்டாமல் நிற்கும்.

பிரைமர் காய்ந்ததும் தகடுகள் ஒன்றோடொன்று சேரும் எல்லா இணைப்புகளிலும் தண்ணீர் புகாமல் அடைக்கும் சீம் சீலர். துப்பாக்கியில் போட்டு அழுத்தும் பாலியூரித்தேன் ட்யூப் கேட்டு வாங்குங்கள். பாத்ரூமுக்குப் போடும் சிலிகான் வேண்டவே வேண்டாம், புளித்த வாடை வரும் வகையில் இருந்து வெளியேறும் அசிட்டிக் அமிலம் இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும், அதன் மேல் பெயிண்டும் நிற்காது. சீலர் போடும் வேகத்தில் தண்ணீர் வெளியேறும் துளைகளை அடைத்துவிடாதீர்கள், ஒவ்வொன்றிலும் ஒரு ஒயர் துண்டைச் செருகி வைத்துவிட்டு அடைக்க ஆரம்பியுங்கள்.

மேல் கோட்டுக்கு பி.யு. (பாலியூரித்தேன்) பெயிண்ட் நன்றாக உழைக்கும். ஸ்ப்ரே செய்வதாக இருந்தால் அதன் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது, துணி மாஸ்க்கோ பேப்பர் மாஸ்க்கோ அதைத் தடுக்காது, நுரையீரலைக் கெடுக்கும். அதைத் தெரிந்த பெயிண்டரிடம், முறையான பூத்தில் கொடுங்கள். பிரஷில் அடித்தாலும் கையுறை, காற்றோட்டம், கரைப்பான் ஆவிக்குரிய மாஸ்க் மூன்றும் வேண்டும். நிறம் எல்லோரும் கறுப்பு கேட்பார்கள், நான் வெளிர் சாம்பல் சொல்வேன். புதிதாக ஒரு துருப் புள்ளி வந்தால் சாம்பல் நிறத்தில் அன்றைக்கே தெரியும், கறுப்பில் தெரியாது. பழைய சிந்தெடிக் எனாமல் மிச்சமிருக்கும் இடத்தில் கடுமையான தின்னர் கலந்த எதையும் நேரடியாக அடிக்காதீர்கள், சுருங்கிக்கொள்ளும். ஒரு மூலையில் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

தார் கலந்த அண்டர்கோட்டிங்கைச் சர்வீஸ் ஸ்டேஷனில் மலிவாக அடித்துத் தருவார்கள். எல்லாம் சரியாக முடிந்த தகட்டின் மேல் அடித்தால் கல் அடிக்குப் பாதுகாப்பு, சரி. ஆனால் அது காலப்போக்கில் காய்ந்து வெடிக்கும், வெடிப்பில் புகுந்த தண்ணீர் வெளியே வராது. துருவை மூட அதை அடிக்கவே கூடாது.

சில்லுக்குள்ளும் மெம்பருக்குள்ளும் பிரஷ் போகாது. அங்கே துரு பிடிக்காமல் உள்ளே அடிக்கும் மெழுகான கேவிட்டி வேக்ஸ்: நீளமான குழாய் முனையை ரப்பர் மூடியுள்ள துளைகள் வழியாக உள்ளே விட்டு, பின்னால் இழுத்துக்கொண்டே அடியுங்கள், கீழ்த் துளையில் சொட்டும் வரை. பழைய எஞ்சின் ஆயிலை அடிக்கும் வழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கொஞ்ச நாள் தாங்கும்தான், ஆனால் ரப்பர் புஷ்ஷை ஊறவைத்துக் கெடுக்கும், வாசலெல்லாம் சொட்டும், நாளைக்கு அந்த இடத்தில் வெல்டிங் வந்தால் புகையும். வெல்டிங், பெயிண்ட் எல்லாம் முடிந்த பிறகுதான் வேக்ஸ். முதலிலேயே அடித்துவிட்டால் அது வழிந்து வந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது.

கடைசியாக உள்ளே. எபாக்ஸி முழுதாக இறுக ஒரு வாரம் கொடுங்கள், அதுவரை சீட்டைப் போட்டு மிதிக்காதீர்கள். தரையில் இருந்த ரப்பர் அடைப்பான்களைப் புதிதாக வாங்கி, ஓரத்தில் சீலர் தடவிப் பொருத்துங்கள். சணல் ஃபெல்டுக்குப் பதிலாகத் தண்ணீர் உறிஞ்சாத மூடிய செல் ஃபோம் ஷீட், அதன் மேல் ஒட்டாமல் கழற்றக்கூடிய ரப்பர் மேட். பசை போட்டு ஒட்டிவிட்டால் அடியில் என்ன நடக்கிறது என்று பார்க்கவே முடியாது. மழைக்காலத்தில் மாதம் ஒருமுறையாவது மேட்டைத் தூக்கிக் கையால் தடவிப் பாருங்கள், சில்லின் கீழ்த் துளைகளை ஒரு கம்பியால் குத்திவிடுங்கள். எங்காவது பெயிண்ட் பெயர்ந்திருந்தால் அடுத்த வெயிலுக்குக் காத்திருக்காமல் அந்தப் புள்ளியை மட்டும் சுரண்டி, ஒரு கை பிரைமர் வைத்துவிடுங்கள்.